ஹீலா வனத்தில் நான்கு நாள்: அப்பாச்சி மண்ணில் குதிரைப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கிறது ஹீலா வனம். அங்கே போகிற எவரும் முதலில் பார்ப்பது பாறைப் பொந்துகளுக்குள் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய குகை வீடுகளை. படம் எடுத்துக்கொண்டு, "அப்பாச்சிகளின் வீட்டைப் பார்த்துவிட்டோம்" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் உண்டு. நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன். தவறு. அந்த அறைகளை 1200களின் பிற்பகுதியில் கட்டியவர்கள் மொகொயோன் மக்கள். ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்துவிட்டு, 1300 வாக்கில் கிளம்பிப் போய்விட்டார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒரு இனத்தவரான அப்பாச்சிகள் இந்த மலைகளைத் தங்களுடையதாக்கிக்கொண்டது அதற்குப் பின்னால். அவர்கள் கல்லால் கட்டவில்லை. கொம்புகளை வளைத்து நட்டு, புல்லும் தழையும் வேய்ந்த குடிசைகளில் இருந்தார்கள். நகரும்போது அவற்றை அப்படியே விட்டுப் போனார்கள். இரண்டு மழைக்காலத்தில் மண் அவற்றைத் தின்றுவிடும்.

ஆகவே, அப்பாச்சி மரபைப் பார்க்க வருகிறவருக்கு இங்கே காட்சிப் பொருள் என்று அதிகம் எதுவும் இல்லை. எந்த ஊற்று வற்றாது, எந்தக் கணவாய் வழியாக ஏறலாம், எந்த மேட்டில் புல் இருக்கும் என்ற அறிவாகத்தான் அந்த மரபு இந்த மண்ணில் கிடக்கிறது. காரில் போனால் அது தெரியாது. நடந்தால் தெரியும், ஆனால் மூட்டையின் பாரம் தலையை நிமிர விடாது. குதிரை மேல் உட்கார்ந்து மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் கண்ணுக்கும் நேரம் கிடைக்கிறது. இந்த வழிகாட்டி அப்படிப் போக விரும்புகிறவர்களுக்கு.

யாருடைய மண் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

அப்பாச்சி என்பது பிறர் வைத்த பெயர். சூனி என்ற வேறொரு பூர்வகுடியின் மொழியில் 'பகைவர்' என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'இந்தே' அல்லது 'ந்தே' என்று. 'மக்கள்' என்று பொருள். அப்பாச்சிகள் பல பிரிவினர். ஹீலா ஆற்றின் தலைப்பகுதி சிரிகாஹுவா அப்பாச்சிகளில் பெதொன்கோஹே குழுவின் வாழ்விடம். கிழக்கே, கருப்பு மலைத்தொடருக்கு அப்பால், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி சிஹென்னே குழு. அமெரிக்க ராணுவத்தோடு போரிட்ட தலைவர் விக்டோரியோவும், போரில் அவருக்குத் தோள் கொடுத்த தங்கை லோசெனும் அந்தக் குழுவினர்.

அமெரிக்க ராணுவத்தோடு நெடுங்காலம் போரிட்டுப் புகழ்பெற்ற ஜெரோனிமோ பெதொன்கோஹேக்காரர். இயற்பெயர் கொயாத்லே, 'கொட்டாவி விடுகிறவன்' என்று பொருள் சொல்வார்கள். தான் பிறந்தது 1829இல் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறந்த இடம் ஹீலாவின் தலைப்பகுதி என்பது வழிவழியான செய்தி. 1886 செப்டம்பர் 4 அன்று அரிசோனாவில் அவர் சரணடைந்த பிறகு நடந்ததுதான் பயணிகள் பலருக்குத் தெரியாத பகுதி. போரிட்டவர்களை மட்டுமல்ல, பெண்கள், குழந்தைகள், அமெரிக்க ராணுவத்துக்கே வேவு பார்த்துக் கொடுத்த அப்பாச்சி வீரர்கள் எல்லோரையும் சேர்த்து ரயிலில் ஏற்றிப் புளோரிடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அலபாமா, பிறகு ஓக்லஹோமாவில் சில் கோட்டை. 27 ஆண்டுகள் போர்க்கைதிகள். ஜெரோனிமோ 1909இல் அங்கேயே இறந்தார். 1913இல் விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நியூ மெக்சிகோவில் மெஸ்கலேரோ என்ற அப்பாச்சிப் பிரிவினருக்கென ஒதுக்கிய நிலமான மெஸ்கலேரோ காப்பகத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் ஓக்லஹோமாவிலேயே தங்கினார்கள்; அவர்கள் வழிவந்தவர்கள்தான் சில் கோட்டை அப்பாச்சிகள். ஹீலாவுக்கு யாரையும் திரும்ப விடவில்லை.

அதனால் உங்கள் வழிகாட்டி அப்பாச்சியாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அநேகமாக, அந்தப் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தில் குதிரையோடு வளர்ந்த ஒருவராக இருப்பார்.

எப்போது போவது

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. இதுதான் என் பதில். மற்ற மாதங்களுக்கு ஒவ்வொரு சங்கடம் உண்டு. வசந்தத்தின் தொடக்கத்தில் பனி உருகி ஆறு பெருகும். நீங்களோ ஒரே நாளில் அந்த ஆற்றைப் பல முறை கடக்க வேண்டியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போகலாம், ஆனால் காற்று மண்ணை வாரி முகத்தில் இறைக்கும். மே, ஜூன் காட்டுத்தீக் காலம். 2012இலும் 2022இலும் இங்கே பற்றிய பெருந்தீக்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 லட்சம் ஏக்கரைத் தின்றன. ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை பிற்பகல் இடிமழை. எங்கோ மலைமேல் பெய்தது பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வரும்.

இலையுதிர்காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது எல்க் மான் வேட்டைப் பருவம். பல வழிகாட்டிகள் வேட்டைக்காரர்களிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆறு மாதம் முன்னாலேயே எழுதிக் கேளுங்கள். போகும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியைத் தேர்வது

மொத்தப் பயணமும் இதில்தான் நிற்கிறது. பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி, அமெரிக்க வனத்துறையின் அனுமதி இருக்கிறதா என்பது. ஹீலாவுக்குள் தனியாக நடந்துபோக உங்களுக்குச் சீட்டு எதுவும் வேண்டாம். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப்போகிறவருக்கு வனத்துறையின் சிறப்பு அனுமதி கட்டாயம். 'இருக்கிறது' என்ற வாய்வார்த்தை போதாது; எந்த வனச்சரகத்தில் என்று கேட்டு, அந்த அலுவலகத்திலேயே சரிபார்க்கலாம். அங்கே மறைக்க மாட்டார்கள்.

அடுத்து, எடை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. அதில் சேணமே 15 கிலோ போய்விடும். உங்கள் எடையைக் கேட்காத வழிகாட்டி தன் குதிரையைப் பற்றி யோசிக்காதவர். அவர் உங்களைப் பற்றியும் யோசிக்க மாட்டார்.

உங்களுக்கு எவ்வளவு அனுபவம் என்று அவரும் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். ஊட்டி ஏரிக்கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போன மட்டக்குதிரையில் ஏறியதும், மெரினாவில் படம் எடுத்துக்கொண்டதும் அனுபவக் கணக்கில் சேராது. ஒன்றும் தெரியாது என்று சொன்னால் சாதுவான கிழட்டுக் குதிரை கிடைக்கும். அதைவிட நல்ல துணை கிடையாது.

அப்பாச்சிகளைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். குழு குழுவாகப் பிரித்துச் சொல்கிறாரா, மெஸ்கலேரோ, சில் கோட்டை அப்பாச்சிகள் இன்றும் இருப்பதைப் பற்றிப் பேசுகிறாரா, அல்லது எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் வைத்து, 'புதைந்த தங்கம், பழிவாங்கும் ஆவி' என்று ஆரம்பிக்கிறாரா? இரண்டாம் வகையினர் குதிரைக்கு நல்லவர்களாக இருக்கலாம். கதைக்கு வேண்டாம்.

உணவில் இறைச்சி சேர்க்காதவர்கள் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மாடு மேய்க்கும் ஊர் அது. பீன்ஸைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிடும் பழக்கம் உண்டு. நான் ஒரு பொட்டலம் புளிக்காய்ச்சலும் அவலும் எடுத்துப் போவேன். நெருப்பு மூட்ட முடியாத இரவிலும் அவை கைவிடாது.

உடம்பும் பையும்

இரண்டு மாதம் முன்னாலிருந்தே மாடிப்படி ஏறுங்கள், உட்கார்ந்து எழுங்கள். வலி வரப்போவது தொடையின் உட்புறத்திலும் முழங்காலிலும். பக்கத்தில் குதிரையேற்றப் பள்ளி இருந்தால் ஐந்தாறு வகுப்புகள் போய்வருவது நல்லது.

உடையில் ஒரே ஒரு விஷயம் முக்கியம்: கால்சட்டையின் உட்புறத் தையல். தடித்த தையலுள்ள ஜீன்ஸை மாட்டிக்கொண்டு முதல் நாள் ஆறு மணி நேரம் சவாரி செய்தேன். இரவில் தோல் உரிந்து எரிந்தது. உள்ளே தையலில்லாத இறுக்கமான காற்சட்டை ஒன்று போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். குதிகால் உயர்ந்த, அடிப்பாகம் வழவழப்பான பூட்ஸ் வேண்டும். பள்ளம் பள்ளமாக அடிப்பாகம் உள்ள மலையேற்றக் காலணி அங்கவடியில், அதாவது கால் வைக்கும் வளையத்தில், சிக்கிக்கொள்ளும். விழும்போது சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். உள்ளூர்க்காரர்கள் தொப்பியோடுதான் சவாரி செய்வார்கள். நீங்கள் தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெட்டி கூடாது, மெத்தென்ற பை. பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள். அதைச் சுமக்கப்போவது கோவேறு கழுதை. அதன் இரு பக்கச் சுமையும் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேணம் ஒரு பக்கம் சரிந்து முதுகைப் புண்ணாக்கிவிடும். காலையில் வழிகாட்டி தராசில் பைகளைத் தூக்கித் தூக்கி நிறுப்பதைப் பார்ப்பீர்கள். அவர் நிறுத்து முடித்த பிறகு உங்கள் பையில் எதையும் திணிக்காதீர்கள்.

போய்ச் சேர்வது

விமானத்தில் எல் பாசோ வந்து இறங்கி, காரில் இரண்டரை மணி நேரத்தில் சில்வர் சிட்டி. ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து 15ஆம் எண் மாநிலச் சாலையில் குகை வீடுகள் 70 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் காரணமாக இரண்டு மணி நேரம் ஆகும். குமட்டல் வருகிறவர்கள் காலைச் சிற்றுண்டியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

புறப்பட்டதுமே பினோஸ் ஆல்டோஸ் என்ற சிற்றூர் வரும். 1860இல் இங்கே தங்கம் கிடைத்தது, சுரங்கக்காரர்கள் திரண்டார்கள். இந்தப் பகுதியின் பெரும் அப்பாச்சித் தலைவர் மங்காஸ் கொலராதாஸ் 1863 ஜனவரியில் சமாதானம் பேச வந்தபோது பிடிக்கப்பட்டு, ராணுவக் காவலிலேயே கொல்லப்பட்டார். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு காப்பி குடிக்கலாம்.

பினோஸ் ஆல்டோஸைத் தாண்டினால் கைப்பேசியை நம்ப முடியாது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

குதிரையோடு முதல் ஒரு மணி நேரம்

முன்னால் போய் நிற்காதீர்கள், பின்னாலும் நிற்காதீர்கள். இடது தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே அணுகுங்கள். கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இடப்பக்கமிருந்து ஏறுங்கள். ஏறியபின் உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்குங்கள், முதுகு அதனுடையது.

சேணத்தை வயிற்றோடு கட்டும் பட்டையை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை ஊதிக்கொள்ளும். நீங்கள் ஏறி இருபது நிமிடம் போனபின் மூச்சை விட்டிருக்கும், பட்டை தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி, இறங்கி, ஒவ்வொன்றாகப் பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். சேணம் சரிந்து விழுந்தவர்கள் பெரும்பாலும் முதல் நாள் முதல் மணி நேரத்தில்தான் விழுகிறார்கள்.

ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் நிமிர்ந்து பின்னால். குதிகால் எப்போதும் கீழ்நோக்கி. கடிவாளக் கயிற்றையோ கட்டும் கயிற்றையோ ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அது மிரண்டால் விரல் போய்விடும். மழைக்கோட்டு மாட்ட வேண்டுமானால் இறங்கி மாட்டுங்கள். முதுகின் மேல் படபடவென்று பிளாஸ்டிக் விரிந்தால் சாதுக் குதிரையும் பாயும்.

ஆற்றைக் கடக்கும்போது கயிற்றைத் தளர்த்தித் தலையை அதன் போக்கில் விடுங்கள். எந்தக் கல்லில் கால் வைப்பது என்று அதற்குத் தெரியும். நீங்கள் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், எதிர்க்கரையைப் பாருங்கள். குடிக்க நின்றால் குடிக்கட்டும். ஆனால் முன்னங்காலால் தண்ணீரைச் சடசடவென்று அடிக்க ஆரம்பித்தால் உடனே குதிகாலால் தட்டி நகர்த்துங்கள். அது விளையாட்டல்ல, படுத்துப் புரளப்போகிறது, உங்களையும் சேர்த்து.

நான்கு நாள் சுற்று

ஹீலா ஆற்றுக்கு மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று கிளைகள். வழக்கமான சுற்று குகை வீடுகளுக்கு அருகிலுள்ள குதிரைத் தொழுவத்திலிருந்து கிளம்பி, மேட்டைக் கடந்து குட்டிக் கரடிப் பள்ளம் வழியாக நடுக்கிளைக்கு இறங்கும். ஆற்றோடு மேலே போனால் ஜோர்டான் வெந்நீர் ஊற்று. மறுநாள் இரு பக்கமும் செங்குத்துப் பாறைகள் உயரும் பள்ளத்தாக்கில், ஆற்றை எண்ண முடியாத அளவு கடந்து, 'புல்வெளிகள்' என்ற அகன்ற இடத்துக்கு. மூன்றாம் நாள் பாண்டரோசா பைன் நிற்கும் மேட்டு நிலம் ஏறி மேற்குக் கிளைக்கு. நான்காம் நாள் அதன் கரையோடு இறங்கித் தொடங்கிய இடத்துக்கு. மொத்தம் 55 கிலோமீட்டர் அளவு வரும். வெள்ளம் பாதையை அரித்திருந்தாலோ, எரிந்த மரங்கள் விழுந்து கிடந்தாலோ வழிகாட்டி வேறு வழி எடுப்பார். அதில் வாதாடாதீர்கள். இது 1924 ஜூன் 3 அன்று உலகிலேயே முதன்முதலாக 'வனாந்தரம்' என்று அறிவிக்கப்பட்ட காடு. அதற்கு வாதாடியவர் வனத்துறை அதிகாரி ஆல்டோ லியோபோல்ட். சுமார் 5,58,000 ஏக்கரில் சக்கரம் உருளக் கூடாது, மோட்டார் ஓடக் கூடாது. சைக்கிளுக்கும் இடமில்லை. பாதையில் விழுந்த மரத்தை இன்றும் இரண்டு பேர் இழுக்கும் கைரம்பத்தால்தான் அறுக்கிறார்கள்.

வெந்நீர் ஊற்றில் ஓர் எச்சரிக்கை. கழுத்துவரை அமிழ்ந்து கிடங்கள். தலையை மட்டும் முக்காதீர்கள். வெதுவெதுப்பான இயற்கை ஊற்றுகளில் மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா இருக்கலாம். தொற்று மிக அரிது, ஆனால் பிழைத்தவர்கள் அதைவிட அரிது.

மண்ணைப் படிப்பது

இரண்டாம் நாளுக்குள் உடம்பு குதிரையின் அசைவுக்குப் பழகியிருக்கும். இனி கண்ணுக்கு வேலை.

வெயில் விழும் சரிவுகளில் அகேவ் செடிகளைப் பாருங்கள். நம் ஊரில் தண்டவாளத்தோரம் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழையின் உறவு. அப்பாச்சிப் பெண்கள் வசந்தத்தில் இதன் நடுக்குருத்தை வெட்டி, இலைகளைச் சீவி, கல் பரப்பிச் சூடாக்கிய குழியில் அடுக்கி, ஈரப் புல்லும் மண்ணும் மூடி, இரண்டு மூன்று நாள் வேகவைத்தார்கள். இனிப்பாக, நார் நாராக இருக்கும். காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மெஸ்கால் என்று பெயர். மெஸ்கலேரோ என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இப்போது செடியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள இடத்தைப் பாருங்கள்: பக்கத்தில் தண்ணீர், குழி தோண்ட மண், எரிக்க ஜூனிபர் விறகு, கீழே பாதையைக் காட்டும் பார்வை. நான்கும் சேர்ந்த இடங்கள் அதிகம் இருக்காது. அப்படி ஓரிடத்தில் எங்கள் வழிகாட்டி பேசாமல் நிறுத்தினார். தீயில் வெடித்துக் கருத்த கற்கள் வட்டமாகப் புல்லுக்குள் கிடந்தன. அவர் சுட்டிக்காட்டாமல் இருந்திருந்தால் என் குதிரை மிதித்துப் போயிருக்கும்.

அப்படி எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள். பானை ஓடு, அம்பு முனை, கல் எதையும் எடுக்கக் கூடாது; சட்டப்படி குற்றம். பாறைகளில் தெரியும் செந்நிற ஓவியங்கள் மொகொயோன் காலத்தவை. விரல் எண்ணெயே அவற்றை அழிக்கும்.

ஒரு கணவாயை அடையும்போது திரும்பிப் பாருங்கள். குதிரைப்படை ஆண்டுக்கணக்கில் துரத்தியும் சிறு குழுக்களைப் பிடிக்க முடியாமல் திணறியது ஏன் என்று அங்கே புரியும். படைக்குத் தீவனமும் தண்ணீரும் சுமந்து வர வேண்டும். அப்பாச்சிகள் முடியாத இடத்தில் குதிரையை விட்டுவிட்டு, சில சமயம் அதையே தின்றுவிட்டு, காலால் மலையேறிவிடுவார்கள்.

இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் யாராவது பேய்க்கதை எடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இறந்தவர் பெயரை வீணாக உச்சரிப்பதை அப்பாச்சிகள் தவிர்ப்பார்கள். ஆந்தையின் குரலை மரணத்தோடு சேர்த்துக் கேட்பார்கள். நம்ப வேண்டும் என்பதில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

முகாம்

குதிரைகளை மரத்தில் கட்டாமல், இரு மரங்களுக்கிடையே உயரே இழுத்துக் கட்டிய கயிற்றில் பிணைப்பார்கள், வேர் மிதிபடாது. தீவனம் களைவிதை இல்லாததென்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். உணவைக் கரடிக்கு எட்டாமல் தொங்கவிட உதவுங்கள். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து எழுபது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டுங்கள்.

திரும்பும் வழி

நான்காம் நாள் இறங்கியதும் கால்கள் வளைந்து நிற்கும். சேணத்தை அவிழ்க்க உதவி செய்துவிட்டு, குதிரையின் வியர்த்த முதுகை ஒரு முறை தேய்த்துவிடுங்கள். வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்பாகக் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம், ரொக்கமாக வைத்திருங்கள்.

எல் பாசோவுக்குத் திரும்ப டெமிங் வந்து 10ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போவீர்கள். டெமிங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பொட்டல் வெளியில், அக்கேலா என்ற இடத்தில் வெளியேறும் வழி ஒன்று வரும். சுமார் 30 ஏக்கர். சில் கோட்டை அப்பாச்சி இனம் விலை கொடுத்து வாங்கிய நிலம். 2011இல் அது அவர்களது காப்பகமாக அறிவிக்கப்பட்டது. போர்க்கைதிகளின் பேரப்பிள்ளைகள் நியூ மெக்சிகோவில் திரும்பப் பெற்ற மண் அது. மலை இல்லை, ஆறு இல்லை. வண்டியை நிறுத்த இடம் தாராளமாக இருக்கிறது.